உடுக்கும் குடமும் வில்லும்: ஒலிவாங்கியை எங்கே வைப்பது?

நம் சங்கத்தின் பொங்கல் விழாவில் நண்பர் ஒருவர் தம் ஊர்க் கோயிலில் நடந்த தவில் கச்சேரியைச் செல்பேசியில் பதிவு செய்து கொண்டுவந்து, மண்டபத்து ஒலிபெருக்கியில் போட்டுக் காட்டினார். நல்ல வித்துவான்கள் என்று அவர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். எங்கள் காதில் விழுந்ததோ தகரக் கூரைமேல் சரளைக்கல் கொட்டினாற்போன்ற இரைச்சல். நண்பரின் முகம் வாடிவிட்டது. "நேரில் கேட்டபோது இப்படி இல்லை சார்" என்றார். அவர் சொன்னது முழு உண்மை. காது கேட்டதும் கருவி கேட்டதும் ஒன்றாக இருக்கவில்லை, அவ்வளவுதான்.

அன்றே இதழாசிரியர் என்னைப் பிடித்துக்கொண்டார். "நீங்கள் அந்தத் தொழிலில் இருந்தவர்தானே, நம்மவர்கள் ஊருக்குப் போகும்போது கொட்டையும் மேளத்தையும் எப்படிப் பதிவு செய்வது என்று எழுதிக் கொடுங்கள்" என்றார். நான் மும்பையில் ஒலிப்பதிவுக் கூடங்களில் முதலில் உதவியாளனாகவும் பிறகு பதிவாளனாகவும் இருபத்தாறு ஆண்டுகள் வேலை பார்த்தவன். அதனால் எல்லாம் தெரிந்தவன் என்று வாசகர்கள் எண்ணிவிட வேண்டாம். கூடத்தில் கற்ற பாடத்தைச் சொந்த ஊரில் கொண்டுபோய்ப் பாழாக்கிய கதையிலிருந்துதான் நான் தொடங்க வேண்டியிருக்கிறது.

எங்கள் ஊர் கேரளத்தின் தென்கோடியில், பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் இடைப்பட்டது. திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் செல்லும் ரயிலில் வருவோருக்குக் கேரளத்தின் கடைசி நிலையம் பாறசாலை. 1956 நவம்பர் 1ஆம் நாள் தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தபோது, நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தோடு நின்றது. கோடு எங்கள் வீட்டுக்குத் தெற்கே விழுந்தது. பெண் கொடுத்த வீடுகளும் பெண் எடுத்த வீடுகளும் கோட்டுக்கு அந்தப் பக்கம். வீட்டில் பேசுவது தமிழ், பள்ளியில் படிப்பது மலையாளம். சந்தையில் இரண்டும் ஒன்றாகக் கலந்து ஓடும்.

திருவிழாக் காலத்தில் இந்தப் பகுதியைக் காதால் பார்க்க வேண்டும். ஒரு தெருவில் சிங்காரி மேளத்தின் செண்டை முழங்கும். அடுத்த தெருவில் தெற்கேயிருந்து வந்த நையாண்டி மேளத்தின் தவிலும் பம்பையும் அதற்குப் பதில் சொல்லும். காவுகளிலும் அம்மன் கோயில்களிலும் கொடை நடந்தால் வில்லுப்பாட்டு. வேணாட்டுத் தளபதியைப் பற்றிய இரவிக்குட்டிப் பிள்ளைப் போர் போன்ற கதைப்பாடல்களைக் கேரளத்தார் தெக்கன் பாட்டுகள் என்பார்கள். அவற்றின் மொழியைத் தமிழ் என்பதா மலையாளம் என்பதா என்று புலவர்கள் இன்னும் வாதாடலாம். எங்கள் பாட்டிமார்களுக்கு அந்தச் சந்தேகம் வந்ததில்லை. 1984இல் நாகர்கோவிலில் இந்தியாவின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் வந்தபிறகு கோட்டுக்கு வடக்கேயும் அதைத்தான் திருப்பி வைத்துக் கேட்டோம்.

எங்கள் குடும்பக் காவில் இரண்டாண்டுக்கு ஒருமுறை கொடை. அங்கே பாடும் கதை ஒன்று உண்டு. எங்கள் முன்னோர் ஒருத்தியின் கதை, அச்சில் ஏறாதது. பாடத் தெரிந்த அண்ணாவி ஒருவர்தான். 2018 சித்திரைக் கொடைக்கு நான் போனபோது அதை ஒழுங்காகப் பதிவு செய்துவிடுவது என்று முடிவு கட்டிக்கொண்டு, மும்பையிலிருந்து ஒரு பெட்டி நிறைய மைக்குகளோடு போய் இறங்கினேன்.

வில்லுப்பாட்டு பார்க்காத பிள்ளைகளுக்காக ஒரு வரி. நடுவில் நீண்ட வில். அதில் வரிசையாக மணிகள். அண்ணாவி இரண்டு வீசுகோல்களால் நாணை அடித்துக்கொண்டு பாடுவார். வில்லோடு சேர்ந்து ஒரு மண்குடம். அதன் வாயை விசிறி போன்ற ஒரு மட்டையால் அறைவார்கள். பக்கத்தில் உடுக்கு, ஜால்ரா, தாளக்கட்டை. எல்லோரும் தரையில் சம்மணமிட்டு, ஒருவர் முழங்கால் மற்றவரைத் தொடும் அளவுக்கு நெருங்கி உட்கார்ந்திருப்பார்கள்.

நான் என்ன செய்தேன்? மும்பையில் டிரம்ஸ் செட்டுக்குச் செய்வதை அப்படியே செய்தேன். கூடத்தில் டிரம்ஸ் பதிவென்றால் ஒவ்வொரு தோலுக்கும் ஒரு மைக், நான்கு விரற்கடை தூரத்தில். அதுபோல உடுக்கின் முகத்தருகே ஒன்று, குடத்தின் வாய்க்கு நேர் மேலே ஒன்று, வில்லின் நடுவில் ஒன்று, ஜால்ராவுக்கு ஒன்று, அண்ணாவியின் வாயருகே ஒன்று. தனித்தனிப் பாதையில் பதிவு. பிறகு மும்பையில் உட்கார்ந்து சமன் செய்துகொள்ளலாம் என்ற நம்பிக்கை.

மறுநாள் மாலை அண்ணாவிக்குப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு, "மக்கா, ஒடுக்கு நல்லா கேக்குது. மணி கேக்குது. பாட்டு எங்க போச்சு?" என்றார்.

மும்பைக்குத் திரும்பி மாதக்கணக்கில் அதோடு மல்லுக்கட்டினேன். குடத்தின் ஒவ்வொரு அறையும் 'டொப்' என்று வெடித்தது. வரத்துப் பாட்டு வந்து, சாமியாடி எழுந்து, தாளம் உச்சத்துக்குப் போன இடத்தில் அளவு மீறி ஒலியலைகளின் தலை வெட்டுப்பட்டிருந்தது. வெட்டுப்பட்டதை எந்தக் கணினியும் ஒழுங்காக ஒட்டித் தராது. அண்ணாவியின் மைக்கிலும் பாட்டைவிட மணிச் சத்தமே மேலே நின்றது.

என் தங்கை மகள் அப்போது ஒன்பதாம் வகுப்பு. அவளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அந்தப் பதிவைக் கேட்டுக் கேட்டு, கதையை ஒரு நோட்டில் மலையாள எழுத்தில் எழுதத் தொடங்கினாள். புரியாத இடத்தில் கோடு போட்டு விட்டுவிடுவாள். சில பக்கங்களில் எழுத்தைவிடக் கோடு அதிகம். "மாமா, இங்கே என்ன பாடுகிறார்கள்?" என்று தொலைபேசியில் கேட்பாள். எனக்கும் கேட்கவில்லை.

அடுத்த கொடை 2020இல். அந்த ஆண்டு ஊரடங்கு. கொடை நடக்கவில்லை.

அந்த நான்கு ஆண்டுகளில் நான் செய்த பிழையை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். அதைத்தான் பாடமாக எழுதுகிறேன்.

அடிப்படைத் தவறு இது. கூடத்தில் நாம் மைக்கைக் கருவிக்கு அருகே கொண்டுபோவதற்கு முக்கியக் காரணம் நான்கு சுவர். தள்ளி வைத்தால் சுவரின் எதிரொலியும் சேர்ந்து வந்து ஒலி குழம்பும். கொடைப் பந்தலில் சுவர் ஏது? மேலே ஓலை, சுற்றிலும் வெளி. எதிரொலி இல்லாத இடத்தில் நெருங்கிப் போவதற்கு அவசியமே இல்லை. நான் இல்லாத நோய்க்கு மருந்து கொடுத்திருக்கிறேன்.

இன்னொன்று, ஒரு தாளக் கருவியின் ஒலி ஓரிடத்தில் இருப்பதில்லை. தோலின் அடி, உடம்பின் அதிர்வு, உள்ளிருக்கும் காற்றின் முழக்கம் எல்லாம் வெளியே வந்து, ஒரு முழம் இரண்டு முழம் தள்ளித்தான் ஒன்றாகச் சேர்கின்றன. மூக்கை ஒட்டி நின்று ஒருவர் முகத்தைப் பார்த்தால் என்ன தெரியும்? உடுக்கு நல்ல உதாரணம். இடுப்புக் கயிற்றை இறுக்கியும் தளர்த்தியும் அது சுருதி ஏறி இறங்கிப் பேசுகிறது. 5 செ.மீ. தூரத்தில் மைக் வைத்தால் விரல் தோலில் படும் சத்தம்தான் பெரிதாக வரும், பேச்சு வராது. 50, 60 செ.மீ. தள்ளி, தோலுக்கு நேராக இல்லாமல் சற்றுச் சாய்வாக வைத்துப் பாருங்கள். உடுக்கு வாய் திறக்கும்.

குடத்தின் கதை வேறு. அது தோற்கருவியே அல்ல. அடைபட்ட காற்று ஒரு சிறு வாய் வழியே போய்வரும்போது எழும் முழக்கம் அது. ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் பத்தொன்பதாம் நூற்றாண்டில் விளக்கிய தத்துவம். வெற்றுப் புட்டியின் வாயில் ஊதும் பிள்ளைகளுக்கும் தெரிந்ததுதான். மட்டையால் அறையும்போது வாயிலிருந்து காற்று ஒரு குத்துப்போல வெளியே பாயும். அந்த வழியில் மைக் இருந்தால் அது பதிவது ஒலியை அல்ல, காற்றடியை. எனவே வாய்க்கு நேரே வைக்கவே கூடாது. வாயின் விளிம்புக்குப் பக்கவாட்டில் ஒரு சாண், ஒன்றரைச் சாண் தள்ளி, குடத்தின் தோளைப் பார்த்தவாறு வையுங்கள். முழக்கம் வரும், குத்து வராது. மேல்நாட்டு டிரம்ஸ் செட்டில் காலால் அடிக்கும் பெரிய டிரம்மின் முன்தோலில் ஓட்டை போட்டிருந்தாலும் இதே எச்சரிக்கைதான்.

மணிகளை என்ன செய்வது? இங்கேதான் மைக்கின் குணம் தெரிந்திருக்க வேண்டும். நாம் மேடைகளில் பார்க்கும் பெரும்பாலான மைக்குகள் இதயவடிவக் கேட்புப் பரப்பு உடையவை. முன்னால் உள்ளதை நன்றாகக் கேட்கும், பக்கவாட்டில் குறைவாக, பின்னால் ஏறத்தாழச் செவிடு. வாங்குபவர் எல்லோரும் அதன் முகத்தைத்தான் கவனிக்கிறார்கள். நான் முதுகைக் கவனிக்கச் சொல்வேன். எது கேட்கக்கூடாதோ அதன் பக்கம் முதுகைத் திருப்புங்கள். அண்ணாவியின் மைக்கை நான் மேலிருந்து கீழ்நோக்கி வைத்திருந்தேன். அதன் முகம் நேராக வில்லின் மணிகளைப் பார்த்தது. கீழேயிருந்து மேல்நோக்கி அவர் வாயைப் பார்க்கும்படி வைத்திருந்தால் மணிகள் பின்னால் போயிருக்கும். ஒரு மைக்கைத் தலைகீழாகத் திருப்பும் வேலை. நான்கு வருடம் போயிற்று.

இதே மைக்குகளுக்கு இன்னொரு குணமும் உண்டு. மிக நெருங்கினால் கீழ்ச்சுருதி ஒலிகளை ஊதிப் பெரிதாக்கிவிடும். பாடகர்கள் குரலுக்குக் கனம் வர வாயை ஒட்டிப் பிடிப்பது இதனால்தான். குடத்துக்கு இந்தக் கனம் வேண்டாதது.

எந்த மைக்கை வாங்குவது என்று கேட்கிறார்கள். இரண்டு சாதி. டைனமிக் மைக்கில் ஒரு சவ்வும் அதோடு ஒட்டிய கம்பிச் சுருளும் காந்தத்தினிடையே அசைகின்றன. முரடு, பெரும் சத்தத்தையும் வெயிலையும் கீழே விழுவதையும் தாங்கும். 1960களின் நடுவில் வந்த ஷூர் எஸ்.எம். 57ம் எஸ்.எம். 58ம் இன்றும் உலகெங்கும் பயனில் இருப்பது இதனால்தான். கன்டென்சர் மைக்கில் மெல்லிய தகடு மட்டுமே. அதற்குப் பெரும்பாலும் 48 வோல்ட் மின்சாரம் கொடுக்க வேண்டும். நுட்பமானது, ஜால்ராவின் இழையும் சொல்லின் மெய்யெழுத்தும் தெளிவாக வரும். பக்கத்தில் வைத்து அறைய ஏற்றதல்ல, தள்ளி வைத்துக் கேட்க ஏற்றது. அருகே வைப்பது டைனமிக், தள்ளி வைப்பது கன்டென்சர் என்று நினைவில் வைத்துக்கொண்டால் இப்போதைக்குப் போதும். விலை உயர்ந்த மைக்கைத் தவறான இடத்தில் வைப்பதைவிட மலிவானதைச் சரியான இடத்தில் வைப்பது மேல். இதைச் சொல்லிச் சொல்லி நான் கடைக்காரர்களின் பகையைச் சம்பாதித்திருக்கிறேன்.

இரண்டு மைக் வைக்கும்போது ஒரு கணக்கு இருக்கிறது. ஒலி நம் ஊர் வெப்பத்தில் ஒரு நொடிக்கு 350 மீட்டர் அளவில் செல்கிறது. ஒரே குடத்தைக் கேட்கும் இரண்டு மைக்குகளில் ஒன்று மற்றதைவிட 35 செ.மீ. தள்ளி இருந்தால், 500 ஹெர்ட்ஸ் சுருதியில் ஒன்றில் அலை ஏறும்போது மற்றதில் இறங்கும். இரண்டையும் கூட்டினால் அந்தச் சுருதி தேய்ந்துவிடும். மைக்கைக் கூட்டக் கூட்ட முழக்கம் குறைகிறதே என்று பலர் திகைப்பது இதனால்தான். 1968இல் லண்டன் ஒலிம்பிக் ஒலிப்பதிவுக் கூடத்தில் லெட் செப்பலின் குழுவின் முதல் இசைத்தட்டைப் பதிவு செய்த கிளின் ஜான்ஸ் என்பவரின் பெயரால் டிரம்ஸ் பதிவில் ஒரு முறையே இருக்கிறது. மூன்று நான்கு மைக்குகள்தான். முக்கியமான இரண்டும் நடுவிலுள்ள ஸ்நேர் டிரம்மிலிருந்து ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். அளப்பதற்கு ஒரு கயிறு போதும். நான் இப்போது பையில் கோயில் கயிறு ஒரு பந்து வைத்திருக்கிறேன். குடத்தின் வாயில் ஒரு முனையைப் பிடித்து இரண்டு மைக்குகளையும் அளந்து சமமாக்குவேன். ஊர்ப் பிள்ளைகள் நான் மைக்குக்குக் காப்புக் கட்டுகிறேன் என்று நினைத்தார்கள்.

வாசகர்களில் பலருடைய ஊரில் வில்லுப்பாட்டு இருக்காது, தவில் இருக்கும். தவிலுக்கு இரண்டு முகம், இரண்டு குணம். ஒரு பக்கம் விரல்களில் கூடு மாட்டிய கை, மறுபக்கம் கழி. ஒரே ஒரு மைக்தான் இருக்கிறதென்றால் எந்த முகத்துக்கும் கொடுக்காதீர்கள். வாசிப்பவருக்கு நேர் எதிரே, ஒன்றரை இரண்டு மீட்டர் தள்ளி, அவர் மார்பளவு உயரத்தில் வையுங்கள். இரண்டு முகமும் இரு பக்கமாக விலகி நிற்பதால், எதிரிலிருந்து கேட்டால்தான் இரண்டும் சமமாக வரும். நம் நண்பர் கூட்டுக்கையின் பக்கம் முன்வரிசையில் கையை நீட்டிப் பிடித்திருக்கிறார். சரளைக்கல் வந்த வழி அதுதான்.

மிருதங்கம் இன்னும் எளிது. அதன் வலந்தலையில் உள்ள கருமையான சோற்றினால் தோலின் மேற்சுருதிகள் ஒன்றோடொன்று இசைந்து நிற்கின்றன என்பதைத் திருச்சியில் பிறந்த நம் சி.வி. ராமன் 1920இலேயே எழுதினார். அப்படிச் சுருதி உள்ள கருவி சற்றுத் தள்ளி வைத்த மைக்கை ஏமாற்றாது.

செண்டைக்கு நெருங்கவே வேண்டாம். கழுத்தில் செங்குத்தாகத் தொங்கும் கருவி. மேல்முகத்தில் கோல் விழ, கீழ்முகமும் சேர்ந்து அதிரும். பத்துப்பேர் அடிக்கும் மேளம் என்றால் ஐந்தாறு மீட்டர் தள்ளி, தலைக்கு மேலே மைக்கைத் தூக்கிப் பிடியுங்கள். தூரத்தை இரட்டித்தால் நேரொலி 6 டெசிபெல் குறையும் என்பது கணக்கு. தவிலுக்கும் செண்டைக்கும் உடம்பு பெரும்பாலும் பலாமரம். நெய்யாற்றின்கரைக் கிருஷ்ணசுவாமி கோயிலுக்குப் போனவர்கள், மார்த்தாண்ட வர்மா எதிரிகளிடமிருந்து ஒளிந்துகொண்டதாகச் சொல்லப்படும் அம்மச்சிப் பிலாவைப் பார்த்திருப்பார்கள். கோயில் செண்டையைக் கேட்கும்போதெல்லாம் உள்ளே காலியான அந்தப் பலாதான் எனக்கு நினைவுக்கு வரும்.

செல்பேசி மட்டும் வைத்திருப்போரும் வருந்த வேண்டாம். கையில் பிடிக்காமல் ஏதாவது ஒரு தாங்கியில் நிறுத்துங்கள். அழைப்பு வராதபடி விமான நிலையில் போடுங்கள். ஒலியளவைத் தானே கூட்டிக் குறைக்கும் வசதியை நிறுத்த இடம் கொடுக்கும் செயலி கிடைத்தால் அதில் பதியுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு அடிக்கும் பிறகு பாட்டு மூச்சுவாங்குவதுபோல ஏறி இறங்கும். தனிப் பதிவுக் கருவி இருந்தால், ஒத்திகையில் எவ்வளவு உரக்க வாசிக்கிறார்களோ அது அளவுமானியில் கழித்தல் 12ஐத் தாண்டாதபடி வையுங்கள். சாமி வரும் நேரத்தில் கை இரண்டு மடங்கு உரமாகும். அந்த இடைவெளி அதற்கு. இப்போது 32 பிட் மிதவைப் பதிவு என்று அளவு மீறினாலும் மீட்கக்கூடிய கருவிகள் வந்திருக்கின்றன. நல்லதுதான். ஆனால் மைக்கே தாங்காமல் உடைந்த ஒலியை அவையும் மீட்க முடியாது.

காற்றுக்குப் பஞ்சுறை மாட்டுங்கள். மின்விசிறி எந்தப் பக்கம் என்று பாருங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் கோயில்காரர்களிடமும் வாசிப்பவர்களிடமும் அனுமதி கேளுங்கள். சாமியாடி நடந்துவரும் பாதையில் தாங்கியோ வயரோ இருக்கக் கூடாது. வயரைப் பாய்க்கு அடியில் விட்டுத் தாங்கியின் காலில் மணல்மூட்டை வையுங்கள். ஒலிபெருக்கி வைத்திருக்கும் மைக்செட்காரருக்கு ஒரு சாயா வாங்கிக் கொடுத்து நட்பாக்கிக்கொள்ளுங்கள். அவருடைய பெட்டிகள் எந்தப் பக்கம் பார்க்கின்றனவோ அந்தப் பக்கம் உங்கள் மைக்கின் முதுகு இருக்க வேண்டும்.

2022 சித்திரையில் கொடை மீண்டும் நடந்தது. இம்முறை மூன்றே மைக். வில்லுக்கு எதிரே இரண்டு மீட்டர் தள்ளி, உட்கார்ந்திருப்பவர்களின் தலைக்குச் சற்று மேலே, ஒரே தாங்கியில் இரண்டு கன்டென்சர். கயிற்றால் அளந்து வைத்தேன். குடத்தின் பக்கவாட்டில் ஒரு டைனமிக். குடத்தின் ஒலி அந்த மைக்குக்கு மற்றவற்றைவிட 5 மில்லிநொடி முன்னதாகப் போய்ச் சேரும். பிறகு கணினியில் அவ்வளவு தள்ளிவைத்தால் சரியாகிவிடும்.

அண்ணாவிக்கு அதற்குள் குரல் ஒரு கட்டை இறங்கிவிட்டது. குடம் அடித்த பெரியவருக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துபோயிருந்தது. அவர் பாயின் ஓரத்தில் உட்கார்ந்திருக்க, மகன் அடித்தார். மகனும் நன்றாகவே அடித்தார். ஆனால் தந்தை நாலு அடிக்கு ஒருமுறை மட்டையைச் சற்றே தாமதித்துப் போடுவார். கதை அங்கே ஒரு நொடி நின்று போவதுபோல இருக்கும். அது மகனுக்கு வரவில்லை. அந்தக் கை இப்போது 2018ஆம் ஆண்டின் வெடித்துப்போன பதிவில் மட்டும்தான் இருக்கிறது.

முதல் இரண்டு மணிநேரம் ஒலிபெருக்கிப் பெட்டிகளின் இரைச்சல்தான் பதிவாயிற்று. இரவு 10 மணிக்குமேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்று 2000ஆம் ஆண்டின் விதி இருக்கிறது. சிறப்பு அனுமதி வாங்கினால் நள்ளிரவு வரை நீட்டலாம். எங்கள் காவில் யாரும் வாங்கியிருக்கவில்லை. மைக்செட்காரர் சரியாகப் பத்துக்கு நிறுத்திவிட்டார். கூட்டம் முணுமுணுத்தது. அண்ணாவி சிரித்துக்கொண்டே, "எல்லாரும் கிட்ட வாருங்க மக்களே, எங்க அப்பன் காலத்தில இது ஏது?" என்றார். எல்லோரும் பாய்களை இழுத்துக்கொண்டு முன்னால் வந்தார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் எந்தக் கூடத்திலும் கேட்டதில்லை. ஒலிபெருக்கி இருந்தவரை உடுக்கும் ஜால்ராவும் ஒன்றையொன்று முந்திக்கொண்டிருந்தன. அது நின்றதும் எல்லாக் கையும் தானாகத் தணிந்தது. அண்ணாவி சொல்லை எடுக்கும்போது உடுக்கு விரல் நுனிக்கு இறங்கியது. அவர் அடியை முடித்ததும் எழுந்தது. குடம் சொற்களுக்கு நடுவே மட்டும் விழுந்தது. மைக் வருவதற்கு எவ்வளவோ முன்பே, வெறும் குரலில் இருநூறு பேருக்குக் கதை கேட்க வேண்டும் என்பதற்காக வைத்த இருக்கை அது. யார் எங்கே உட்கார வேண்டும், யார் எப்போது அடக்கி வாசிக்க வேண்டும் என்ற சமனை அவர்களே செய்து வைத்திருக்கிறார்கள். நான் அதை ஐந்து துண்டாக்கி மும்பைக்கு எடுத்துப்போய் ஒட்டப் பார்த்திருக்கிறேன். வீட்டுக்கு வந்து கேட்டபோது குடத்து மைக்கின் பாதையை முழுக்க மூடிவிட்டேன். எதிரே இருந்த இரண்டே போதுமாக இருந்தது. அந்த இடத்தில் முதல் வரிசைக் கிழவிகள் உட்கார்ந்திருந்தார்கள்; மைக் அவர்கள் காதின் உயரத்துக்குச் சற்று மேலே இருந்தது.

எனவே நம் நண்பருக்கு நான் சொல்வது இதுதான்: எந்த ஊரானாலும் முதலில் மைக்கை எடுக்காமல் பந்தலைச் சுற்றி நடந்து கேளுங்கள். ஒரு காதைப் பொத்திக்கொண்டு கேட்டால் இன்னும் நல்லது, மைக்குக்கும் ஒரே காதுதான். சொல் தெளிவாகவும் தாளம் முழுதாகவும் கேட்கும் இடம் ஒன்று கட்டாயம் இருக்கும். அங்கே பெரும்பாலும் வயதான யாராவது ஏற்கெனவே உட்கார்ந்திருப்பார். அவர் பக்கத்தில் வையுங்கள்.

தங்கை மகள் இப்போது கல்லூரி முடித்துவிட்டாள். புதிய பதிவை வைத்துக்கொண்டு நோட்டில் விட்டிருந்த கோடுகளை ஒவ்வொன்றாக நிரப்பினாள். சில இடங்களில் மலையாள எழுத்தைத் திருத்தி, பக்கத்திலேயே தமிழ் எழுத்தையும் எழுதிப் பழகியிருக்கிறாள். றகரம் இன்னும் தடுமாறுகிறது. மூன்று வரிகள் மட்டும் இன்னும் கோடாகவே இருக்கின்றன. பத்து மணிக்கு முன்பு பாடப்பட்ட வரிகள் அவை. ஒலிபெருக்கி இரைச்சலில் அமிழ்ந்துபோயின. 2024 கொடைக்கு அண்ணாவி பாட வரவில்லை, உடம்பு இடம் கொடுக்கவில்லை. சென்ற மாதம் அவள் நோட்டை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போயிருக்கிறாள். ஒரு வரியைச் சொல்லிவிட்டாராம். மற்ற இரண்டும் வில்லை அடித்தால்தான் வாயில் வரும் என்றாராம்.